தடித்த வடிவியல் எழுத்துருவைக் கையாளத் தொடங்குதல்: லீக் ஸ்பார்ட்டனை முன்வைத்து ஒரு வழிகாட்டி

போஸ்டரோ நூலட்டையோ வடிவமைக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது கனமான, தெளிவான, அலங்காரம் எதுவும் இல்லாத ஓர் ஆங்கில எழுத்துருவைத்தான். வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றிலிருந்தே பிறந்ததுபோல் தோன்றும் அத்தகைய எழுத்துருக்களை வடிவியல் சான்ஸ் செரிஃப் என்று அழைக்கிறார்கள். கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குறுக்குக்கோட்டுக்குச் செரிஃப் என்று பெயர். அது இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். இந்தக் கட்டுரை லீக் ஸ்பார்ட்டன் என்ற எழுத்துருவை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பையும் பயன்படுத்தும் முறையையும் படிப்படியாக விளக்குகிறது. அது இலவசமாகக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். தடித்த வடிவமே அதன் முதல் வடிவம் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலக நிகழ்ச்சிக்கு நான் வடிவமைத்த போஸ்டரில் தலைப்பு, தேதி, இடம், பேசுபவரின் பெயர் என்று அனைத்தையும் இத்தகைய தடித்த எழுத்திலேயே அமைத்திருந்தேன். திரையில் அது கம்பீரமாகத் தெரிந்தது. சுவரில் ஒட்டிய பிறகு சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தபோது ஒரு கறுப்புப் பாளம் மட்டுமே தெரிந்தது. ஒரு சொல்லைக்கூட என்னால் பிரித்துப் படிக்க முடியவில்லை. தடித்த எழுத்துக்கு வலிமை தருவது அதன் கறுப்பு அன்று, எழுத்துக்கு உள்ளேயும் எழுத்துகளுக்கு இடையேயும் எஞ்சி நிற்கும் வெள்ளையே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த வெள்ளையைக் காப்பதற்கான வழியே.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது

லீக் ஸ்பார்ட்டனின் வேர் 1920களின் ஜெர்மனியில் இருக்கிறது. ஓவியரும் நூல் வடிவமைப்பாளருமான பால் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா என்ற எழுத்துருவை ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. ரென்னர் அக்கால ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் பொருளின் வடிவம் அதன் பயனிலிருந்து எழ வேண்டும் என்ற அக்கால எண்ணம் அவருடைய எழுத்திலும் தெரிகிறது. தொடக்க வரைவுகளில் அவர் சில எழுத்துகளை வெறும் கோடும் புள்ளியும் வட்டமுமாகவே அமைத்துப் பார்த்தார். சிறிய ஆர் (r) எழுத்து ஒரு செங்குத்துக் கோடும் அதன் தோளருகே ஒரு புள்ளியுமாக மட்டும் இருந்தது. படிப்பவரின் கண் அவ்வளவு தூரம் வராது என்பதால் விற்பனைக்கு வந்த வடிவத்தில் அத்தகைய சோதனைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. பெரிய எழுத்துகளின் (கேப்பிடல் எழுத்துகளின்) அகலத்தை அவர் பழைய ரோமானியக் கல்வெட்டுகளின் விகிதத்தை ஒட்டி வைத்தார்: ஓ, ஜி போன்றவை அகன்றும், எல், எஃப், எஸ் போன்றவை ஒடுங்கியும் நிற்கும். ஃபியூச்சுரா காலத்தால் பழசாகிப்போகாமல் நிற்பதற்கு வட்டத்தைவிட இந்தப் பழைய விகிதமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஃபியூச்சுராவின் வெற்றியைப் பார்த்த அமெரிக்க அச்சுத்துறை, 1939இல் அதற்கு ஈடான ஸ்பார்ட்டன் என்ற எழுத்தைக் கொண்டுவந்தது. கரோலின் ஹடிலக்சோனோ, மைக்கா ரிச் ஆகிய இருவரும் 2009இல் தொடங்கிய லீக் ஆஃப் மூவபிள் டைப் என்ற திறந்தநிலை எழுத்துரு அமைப்பு, அந்த மரபில் பிறந்த தன் எழுத்துக்கு லீக் ஸ்பார்ட்டன் என்று பெயரிட்டது. முதலில் அது ஒரே ஒரு தடித்த வடிவமாக வந்தது. பின்னர் டைலர் ஃபின்க்கின் உழைப்பால் மெல்லியது முதல் மிகக் கனமானது வரை ஒன்பது கனங்களாக விரிந்தது.

முதற்படி: எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

எதையும் வடிவமைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எழுத்தை மட்டும் பாருங்கள். இன்க்ஸ்கேப், ஃபிக்மா, கேன்வா என்று உங்களுக்குப் பழகிய மென்பொருள் எதுவானாலும் போதும். அதில் பெரிய ஓ எழுத்தை 400 பாயின்ட் அளவில், தடித்த வடிவில் வையுங்கள். பார்வைக்கு அது முழு வட்டம். அதற்கு ஒரு நகல் எடுத்து, 90 பாகை திருப்பி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வடிவியல் எழுத்து முழுக்க முழுக்கக் கவராயத்தால் வரையப்பட்டதாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நன்கு வரையப்பட்ட எழுத்துருக்களில் அப்படி இருப்பதில்லை. கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடே தடித்ததாக நம் கண்ணுக்குத் தோன்றும். அதைச் சரிசெய்ய வடிவமைப்பாளர் மேலையும் கீழையும் சற்று மெலிய வைத்திருப்பார். திருப்பி வைத்த ஓ தலையும் பாதமும் பருத்துச் சோர்ந்து நிற்பதைக் காணும்போது, வடிவியல் என்பது அளவுகோலின் வடிவியல் அன்று, கண்ணின் வடிவியல் என்பது விளங்கும்.

அடுத்து ஓ எழுத்தின் பக்கத்தில் பெரிய எச் எழுத்தை வைத்து, எச்சின் உச்சியிலும் அடியிலும் இரண்டு வழிகாட்டிக் கோடுகளை இழுங்கள். ஓ எழுத்து அந்தக் கோடுகளை மேலும் கீழும் சிறிதளவு மீறியிருக்கும். வட்டம் கோட்டைத் தொடுவது ஒரு புள்ளியில்தான் என்பதால், சரியாகக் கோட்டுக்குள் நிறுத்தினால் அது பக்கத்து எழுத்தைவிடச் சிறியதாகத் தோன்றும். ஏ, வி போன்ற கூர்முனை எழுத்துகளுக்கும் இதே காரணம் பொருந்தும். ஃபியூச்சுராவின் மெல்லிய வடிவங்களில் ஏயின் முனை ஊசிபோல் மேலே நீண்டிருக்கும். கனம் கூடும்போது அந்த முனை மட்டமாக வெட்டப்படும், ஏனெனில் தடித்த இரு கோடுகள் ஊசிமுனையில் சந்திக்க வேண்டுமானால் எழுத்து அளவுமீறி உயர வேண்டியிருக்கும்.

பிறகு சிறிய எழுத்துகளுக்கு வாருங்கள். ஆங்கில ‘என்’ (n) எழுத்தின் வளைவு தண்டோடு, அதாவது செங்குத்துக் கோட்டோடு, சேருமிடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கோடு மெலிந்திருக்கும். மெலியாவிட்டால் இரு தடித்த கோடுகள் கூடும் மூலையில் கறுப்பு தேங்கி ஒரு கறைபோல் தெரியும். சிறிய ஈ எழுத்தில் குறுக்குக்கோட்டுக்கு மேலே அடைபட்ட வெள்ளையையும், வலப்பக்கம் வாய் திறந்திருக்கும் இடுக்கையும் கவனியுங்கள். தடித்த எழுத்தை வரைபவர் அதிகம் போராடுவது இங்கேதான். கனத்தைக் கூட்டக் கூட்டக் கோடு உள்ளே வளர்ந்து வெள்ளையைத் தின்றுவிடும். அதைத் தடுக்க எழுத்தை அகலமாக்க வேண்டும், அகலமாக்கினால் வட்டம் கெடும். இந்த இழுபறியில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் ஓர் எழுத்துருவை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது.

இறுதியாக, சிறிய ஏ எழுத்து. நூல்களில் காணும் ஏ எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி இருக்கும். வடிவியல் எழுத்தில் அது வட்டமும் தண்டும் மட்டுமே. ஆகவே அது சிறிய ஓவுக்கு மிக நெருங்கி நிற்கிறது. பெரிய ஐயும் சிறிய எல்லும் அநேகமாக ஒரே செங்குத்துக் கோடுதான். நெருங்கிய வடிவங்கள் இத்தனை இருப்பதால்தான் இந்த வகை எழுத்து நீண்ட பத்திகளுக்கு உகந்ததாக இல்லை. மருந்துச் சீட்டு, கடவுச்சொல், வரிசை எண் போன்று ஓர் எழுத்து மாறினாலும் தீங்கு விளையும் இடங்களில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

இரண்டாம் படி: பெறுதலும் நிறுவுதலும்

லீக் ஸ்பார்ட்டன் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் கிடைக்கிறது. அதன் உரிமம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், வலைத்தளத்தில் பதிக்கலாம், மாற்றியமைக்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஃபியூச்சுரா அப்படியன்று, அதற்கு உரிமம் வாங்க வேண்டும். இந்தியன் டைப் ஃபவுண்டரியின் பாப்பின்ஸ் என்ற வடிவியல் எழுத்துருவும் இதே திறந்த உரிமத்தில் வருகிறது. தேவநாகரியும் வேண்டும் என்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது ஒன்றை மறக்காதீர்கள். மெல்லிய வடிவத்தை மட்டும் நிறுவிவிட்டு மென்பொருளிலுள்ள போல்டு பொத்தானை அழுத்தினால், பல மென்பொருள்கள் கோட்டின் விளிம்பைத் தாமாகவே ஊதிப் பெருக்கிவிடும். வடிவமைப்பாளர் மெலிய வைத்த மூலைகளெல்லாம் அதில் அடைந்துபோகும். தடித்த வடிவத்தின் கோப்பை நிறுவி, எழுத்துருப் பட்டியலிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். சாய்வெழுத்துக்கும் இதே எச்சரிக்கை: லீக் ஸ்பார்ட்டனுக்குச் சாய்ந்த வடிவம் கிடையாது, பொத்தானை அழுத்திச் சாய்த்தால் வட்டங்கள் நசுங்கிய முட்டைகளாகிவிடும். எழுத்தை அகலவாக்கில் இழுத்து இடத்தை நிரப்புவதும் அதே பிழைதான்.

மூன்றாம் படி: சொற்களைக் குறையுங்கள்

தடித்த எழுத்தில் நிற்க வேண்டியவை எவை என்பதை வடிவமைப்பைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு போஸ்டரில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தடித்த எழுத்துக்குத் தகுதி பெறுவது அரிது. 1959இல் அமெரிக்காவில் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் காருக்காகத் தொடங்கிய விளம்பரங்களை நினைவில் கொள்ளலாம்: பக்கத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளை, ஒரு சிறிய கார், ஃபியூச்சுராவில் இரண்டு மூன்று சொற்களில் ஒரு தலைப்பு. எழுத்தின் அளவு அங்கே மிகப் பெரிதன்று. சுற்றியிருந்த வெறுமைதான் அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது.

முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைப்பதா, சிறிய எழுத்துகளும் கலந்து அமைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு சொற்களென்றால் பெரிய எழுத்துகள் கல்வெட்டுபோல் நிற்கும். நான்கைந்து சொற்கள் வந்துவிட்டால் சிறிய எழுத்துகளே நல்லது. அவற்றின் ஏற்ற இறக்கம் சொல்லுக்கு ஒரு வெளிக்கோட்டைத் தருவதால் கண் அதை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: அளவு

பலகை எழுதுபவர்களிடையே ஒரு எளிய கணக்கு உண்டு: பார்வையாளர் நிற்கும் ஒவ்வொரு 10 அடிக்கும் எழுத்தின் உயரம் 1 அங்குலம் இருந்தால் வசதியாகப் படிக்கலாம். இதில் புதியவர்கள் சறுக்குவது பாயின்ட் கணக்கில்தான். 72 பாயின்ட் என்பது 1 அங்குலம். ஆனால் 72 பாயின்ட் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் பெரிய எழுத்தின் உயரம் 1 அங்குலம் அன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் பெரிய எழுத்தின் உயரம் சொல்லப்பட்ட அளவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான். எனவே 1 அங்குல எழுத்து வேண்டுமானால் சுமார் 100 பாயின்ட் வைக்க வேண்டும். அச்சிட்ட பின் அளவுகோலால் அளந்து பார்த்துவிடுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: இடைவெளி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஈய எழுத்துகளின் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்து தனித்தனியாக வெட்டப்பட்டது. சிறிய அளவில் இடைவெளி தாராளமாகவும் பெரிய அளவில் நெருக்கமாகவும் அமைவதை வார்ப்பகமே பார்த்துக்கொண்டது. இன்று பெரும்பாலும் ஒரே வரைபடம் 8 பாயின்ட்டுக்கும் 800 பாயின்ட்டுக்கும் பயன்படுகிறது. அந்தப் பழைய வேலை இப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது.

எல்லா எழுத்துகளுக்கும் பொதுவாக இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதை டிராக்கிங் என்பார்கள். சிறிய எழுத்துகளில் அமைந்த பெரிய தலைப்புக்கு இதைச் சற்றுக் குறைக்கலாம். எழுத்தளவை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 10 முதல் 25 பங்கு வரை குறைத்துப் பாருங்கள். எங்கே நிறுத்துவது? எழுத்துக்கு உள்ளிருக்கும் வெள்ளையும் எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெள்ளையும் ஒன்றுக்கொன்று உறவாகத் தெரிய வேண்டும். தடித்த எழுத்தில் உள்ளிருக்கும் வெள்ளை குறைவு. எனவே வெளியிடைவெளியும் குறைந்தால்தான் சொல் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ஆனால் இரண்டு தண்டுகள் அருகருகே வருமிடத்தில், இடையிலிருக்கும் வெள்ளை ஒரு தண்டின் தடிமனைவிட மிகவும் ஒடுங்கிப்போனால் அவை ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். முழுவதும் பெரிய எழுத்துகள் என்றால், குறிப்பாகச் சிறிய அளவில், இடைவெளியைக் குறைக்காமல் சற்றுக் கூட்டுங்கள்.

அடுத்தது கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரு எழுத்துகளுக்கு இடையே மட்டும் செய்யும் திருத்தம். ஏயும் வியும் அடுத்தடுத்து வந்தால் இரண்டின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும்; எல் எழுத்துக்குப் பின் ஏ வந்தால் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழும். பொதுவான இணைகளுக்கு எழுத்துருவிலேயே திருத்தம் இருக்கும். ஆயினும் 200 பாயின்ட் தலைப்பில் கண்ணுக்குப் படும் குறை 12 பாயின்ட்டில் தெரியாது, ஆகவே பெரிய தலைப்பை நீங்களே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பயன்பட்ட முறை, சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. தலைகீழாக்கியவுடன் மனம் பொருளைப் படிப்பதை நிறுத்திவிடும். கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும். எந்த வெள்ளை மற்றவற்றைவிடப் பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அங்கே எழுத்தை நெருக்குங்கள்.

வரியிடைவெளியும் அப்படித்தான். எழுத்தளவில் 120 சதவீதமாக மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளி தடித்த தலைப்புக்குத் தளர்வாக இருக்கும். வரிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். முழுவதும் பெரிய எழுத்துகள் என்றால் 85 முதல் 95 சதவீதமும், சிறிய எழுத்துகள் கலந்தால் 95 முதல் 105 சதவீதமும் வைத்துத் தொடங்கி, மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நிறம்

அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகரின் படைப்புகளில் கறுப்புவெள்ளைப் புகைப்படத்தின் மேல் சிவப்புப் பட்டையும் அதில் வெள்ளை நிறத்தில் சாய்ந்த தடித்த ஃபியூச்சுராவும் இருக்கும். தொலைவிலிருந்தே அது அதட்டுவதுபோல் ஒலிக்கும். ஆனால் தூய சிவப்பில் வெள்ளை எழுத்தின் நிறவேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 4:1 மட்டுமே. வெள்ளையில் கறுப்புக்கு அது 21:1. வலைத்தள அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5:1ஐயும், 18 பாயின்ட்டோ தடித்த 14 பாயின்ட்டோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கு 3:1ஐயும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அதாவது அந்தச் சிவப்பு பெரிய தடித்த தலைப்புக்குப் பொருந்தும், அதன் கீழேயுள்ள சிறிய விவரங்களுக்குப் பொருந்தாது. தடித்த எழுத்து நமக்குத் தரும் சலுகை இது. நிறத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். நிழல், வெளிக்கோடு, நிறமாற்றம் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள், ஏனெனில் அவை எல்லாமே எழுத்துக்குள்ளும் எழுத்துகளுக்கு இடையேயும் உள்ள வெள்ளையில்தான் இடம் பிடிக்கும்.

ஏழாம் படி: துணை எழுத்தும் தமிழும்

தலைப்புக்குக் கீழே வரும் விவரங்களுக்கு லீக் ஸ்பார்ட்டனின் மெல்லிய வடிவத்தையே பயன்படுத்தலாம். ஆனால் கனத்தில் பெரிய வேறுபாடு இருக்கட்டும். மிகக் கனமானதுக்குப் பக்கத்தில் சற்றே கனமானதை வைத்தால் பார்ப்பவருக்கு அது தவறுபோல் தெரியும். நீண்ட பத்தி என்றால் செரிஃப் உள்ள ஒரு நூலெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்கு எழும் கேள்வி, பக்கத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதுதான். லீக் ஸ்பார்ட்டனில் தமிழ் எழுத்துகள் இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் என்ற எழுத்துரு, தமிழும் ஆங்கிலமும் கொண்டு ஒன்பது கனங்களில் வருகிறது. ஏக் டைப் குழுவின் முக்தா மலர், பாலூ தம்பி, அனெக் தமிழ் ஆகியவையும் நல்ல தேர்வுகள். அனெக் தமிழில் கனத்தோடு அகலத்தையும் விரும்பியபடி கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஆங்கிலத் தலைப்பின் அகலத்துக்கு ஏற்ப அதை இணக்குவது எளிது.

கனத்தின் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டையும் அப்படியே இணைத்துவிடக் கூடாது. ஆங்கில ஓவில் அடைபட்ட வெள்ளை ஒன்றே ஒன்று. நம் ணகரத்தில் சுழிகள் மூன்று. ஐகாரத்திலும் ளகரத்திலும் ஒரே அகலத்துக்குள் பல கோடுகள் நெருங்கி ஓடுகின்றன. ஆங்கிலத்தின் தடிமனைத் தமிழுக்கும் கொடுத்தால் சுழிகள் அடைந்து, ணகரமும் னகரமும் தொலைவில் குழம்பும். ஆகையால் தமிழுக்கு ஒரு படி குறைந்த கனத்தைத் தேர்ந்தெடுத்து, அளவைச் சற்றுக் கூட்டி, இரண்டும் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும்வரை மாற்றிப் பாருங்கள். வரியிடைவெளியும் தமிழுக்குக் கூடுதலாக வேண்டும். இகர ஈகாரக் குறிகள் மேலே ஏறும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும் என்பதால் 120 சதவீதத்துக்கும் கீழே குறைத்தால் மோதல் வரும். பெரிய எழுத்துகளுக்குச் சொன்னதுபோல் தமிழில் டிராக்கிங்கைக் கூட்டவும் வேண்டாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தைவிட்டு விலகி அனாதையாக நிற்கும்.

எட்டாம் படி: அச்சுக்கும் திரைக்கும் அனுப்புதல்

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்துருவைப் பிடிஎஃப்பில் பதித்தோ, எழுத்தை வடிவக்கோடாக மாற்றியோ அனுப்புங்கள்; திருத்தக்கூடிய நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால், சுற்றியுள்ள மை தாளில் பரவி வெள்ளையைத் தின்னும், எழுத்து மெலிந்துபோகும் என்பதால் சற்றுக் கனமான வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வலைத்தளத்தில் எழுத்துரு வரிசையில் லீக் ஸ்பார்ட்டனுக்கு அடுத்துத் தமிழ் எழுத்துருவின் பெயரையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் தமிழ்ச் சொற்களுக்கு உலாவி தனக்குக் கிடைத்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். பொத்தான்களுக்குள் சொல் நடுவில் நிற்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். எழுத்துருவுக்குள் பதிந்திருக்கும் உயரக் கணக்கால் அது சற்று மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கக்கூடும்.

போஸ்டர் என்றால், மொத்தமாக அச்சிடுவதற்கு முன் தலைப்பை மட்டும் உண்மையான அளவில், தேவையானால் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டி, சுவரில் மாட்டுங்கள். மக்கள் எங்கிருந்து அதைப் பார்ப்பார்களோ அந்தத் தூரத்தில் நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்த இரண்டு எழுத்துகள் ஒன்றாகக் கலக்கின்றனவோ அவற்றைத் தாளிலேயே பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.